எல்லையோரக் கிராமத்திலிருந்து ரக்பிக்கு: முதல் மூன்று ஆண்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், வாளையார். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் இந்த ஊர்களில் பிள்ளைகள் கபடியும் கால்பந்தும் ஆடித்தான் வளர்கிறார்கள். 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல்முறையாக நடந்தது. சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றது. அதிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் கூடியிருக்கின்றன. 14 முதல் 22 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். திறமை இருந்தும் பாதியில் நின்றுபோகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: டேக்கிளை (பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பதை) தப்பாகப் பழகியது, தலையில் பட்ட அடியை மறைத்தது, கையில் சரியான சான்றிதழ் இல்லாதது. அதனால் இந்த மூன்றுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ரக்பி ஆடி வயிற்றைக் கழுவ முடியுமா?

இந்தியாவில் இன்றைய நிலையில் ரக்பியை மட்டும் நம்பி முடியாது. உலக அளவில் ரக்பி யூனியன் (நாம் இங்கே பேசும் ரக்பி வகையின் பெயர்) 1995 ஆகஸ்டில்தான் காசு வாங்கி ஆடலாம் என்று திறந்துவிடப்பட்டது. அதுவரை பெயரளவிலாவது எல்லோரும் சம்பளமில்லாமல் ஆடியவர்கள். இந்தியாவில் அந்தக் கதவு இப்போதுதான் லேசாகத் திறந்திருக்கிறது. பிரீமியர் லீக்கின் முதல் பருவத்தில் 6 அணிகள் ஆடின. போட்டிகள் இரண்டு வாரத்தில் முடிந்தன. ஏலத்தில் இந்திய வீரர் ஒருவருக்குக் கிடைத்த உச்சத் தொகை 5 லட்சத்தைத் தொடவில்லை. அதுவும் நாட்டின் முன்னணி ஆட்டக்காரருக்குக் கிடைத்தது. ஆகவே ஒரு பக்கம் படிப்பு, இல்லாவிட்டால் வேலை; மறுபக்கம் ரக்பி. இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். தேசிய அளவில் ஆடும் ஆண்களில் பலர் ராணுவத்தில் இருப்பதும் இதனால்தான். அங்கே மாதச் சம்பளம், சாப்பாடு, கிரவுண்டு, பயிற்சியாளர் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன.

15 பேர் ஆட்டமா, 7 பேர் ஆட்டமா? எதில் தொடங்குவது?

7 பேர் ஆட்டமான செவன்ஸில் தொடங்குங்கள். ஒலிம்பிக்கில் 2016 முதல் இருப்பது செவன்ஸ்தான். நம் நாட்டில் தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடப்படுவதும் அதுவே. 2015இல் கேரளத்தில் நடந்தபோதும் செவன்ஸ்தான் ஆடினார்கள். பாதிக்கு 7 நிமிடம், இடைவேளை 2 நிமிடம். கிரவுண்டு மட்டும் அதே முழு அளவு: கோட்டுக்குக் கோடு 100 மீட்டர் வரை, அகலம் 70 மீட்டர் வரை. 15 பேருக்கான இடத்தில் 7 பேர் ஓடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இந்த ஆட்டம் எந்த மாதிரி உடம்பைக் கேட்கிறது என்று புரிந்துவிடும். பிரீமியர் லீக்கில் இதையே 4 நிமிடம் வீதம் 4 பகுதியாகப் பிரித்து ஆடினார்கள்.

அதற்காக 15 பேர் ஆட்டத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ரக் (தரையில் கிடக்கும் பந்துக்காக மேலே நின்று தள்ளுவது), மால் (பந்தோடு நிற்பவரைச் சுற்றிக் கோத்துத் தள்ளுவது), லைன்-அவுட் (வெளியே போன பந்தை இரு வரிசைக்கு நடுவே எறிவது), உதைத்து இடம் பிடிப்பது எல்லாம் அங்கேதான் ஆழமாகப் படியும். கிளப் பருவத்தில் ஒரு வாய்ப்புக் கிடைத்தாலும் விடாதீர்கள். பிரான்சின் அந்துவான் துப்போன் 15 பேர் ஆட்டத்தில் உலகின் மிகச் சிறந்த ஸ்க்ரம்-ஹாஃப்களில் (கூட்டத்திலிருந்து பந்தை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பவர்களில்) ஒருவர். அவர் செவன்ஸுக்கு வந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

பையனுக்கு 17 வயசாயிடுச்சு. இனிமே தொடங்கினா தாமதமா?

இல்லை. வேகமும் பந்து பிடிக்கும் கையும் இருந்தால் 17இல் தொடங்கி 20இல் மாநில அணிக்குப் போகலாம். 22க்கு மேல் முதல்முறை பந்தைத் தொடுகிறவருக்குக் கடினம். பயம் அறியாமல் கீழே விழப் பழக வேண்டிய வயது அதற்குள் தாண்டியிருக்கும்.

நான் கபடி ஆடுகிறேன். அது உதவுமா?

பாதி உதவும், பாதி கெடுக்கும். எது எதில் சேரும் என்று தெரிந்துகொண்டால் ஓர் ஆண்டுப் பயிற்சி மிச்சம்.

முதலில் உதவுவது. காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் நிலை. எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்ப்பது. ரைடரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் பழக்கம். தொடைப்பிடிக்கு உள்ளே நுழையும் வேகம். கபடி ஆடாதவர்களுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

கெடுப்பது நான்கு. ஒன்று, டேஷ். கபடியில் தோளால் மோதி ரைடரைக் கோட்டுக்கு வெளியே தள்ளினால் புள்ளி. ரக்பியில் கையைச் சுற்றிப் பிடிக்காமல் தோளால் மட்டும் மோதினால் பெனால்டி. தலையில் பட்டால் சிவப்பு அட்டை வரை போகும். இரண்டு, விடாமல் பிடித்துக்கொண்டு கிடப்பது. கபடியில் ரைடரின் மூச்சு முடியும் வரை விடக்கூடாது. ரக்பியில் ஆள் கீழே விழுந்த உடனே கையை விட்டு, எழுந்து நின்ற பிறகுதான் பந்தைத் தொட வேண்டும். கபடியிலிருந்து வருகிறவர்கள் முதல் ஆண்டில் கொடுக்கும் பெனால்டிகளில் பெரும்பகுதி இதில்தான். மூன்று, செயின். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து நிற்கும் பழக்கம் இங்கே ஆகாது. கை கோத்திருந்தால் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் புகுந்துவிடுவார். நான்காவதுதான் ஆபத்தானது: தலையை எங்கே வைப்பது என்பது. கபடியில் எதிராளி பெரும்பாலும் மெதுவாகப் பின்வாங்குவார். ரக்பியில் நேராக முழு வேகத்தில் ஓடி வருவார். அவர் முன்னால் தலை போனால் முழங்காலோ இடுப்பெலும்போ நம் நெற்றியில் இறங்கும்.

அப்படியானால் டேக்கிளைச் சரியாகப் பழகுவது எப்படி?

வலது தோளால் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். எதிராளிக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது ஓட்டத்தைச் சின்னச் சின்ன அடிகளாகக் குறையுங்கள். வலது பாதம் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் பதிய வேண்டும். பாதம் தொலைவில் இருந்தால் தாவத்தான் வேண்டியிருக்கும். தாவினால் கண் மூடும், தலை தாழும். முதுகு நேராக, முகவாய் நெஞ்சைத் தொடாமல், பார்வை மேலே. தோள் அவர் தொடையின் மேல்பாகத்தில் மோதும் அதே நொடியில் உங்கள் வலது கன்னம் அவர் பிட்டத்தில் ஒட்டியிருக்க வேண்டும். தலை எப்போதும் அவருக்குப் பின்பக்கம். இரு கைகளும் தொடையைச் சுற்றிக் கோத்து, நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, கால் நிற்காமல் இன்னும் மூன்று அடி எடுத்து வையுங்கள். அவர் விழுவார், நீங்கள் மேலே விழுவீர்கள். உடனே கையை விட்டு எழுந்திருங்கள்.

பழகும் வரிசை: இருவரும் முழங்காலிட்டு 2 வாரம். பிறகு ஒருவர் நடக்க 2 வாரம். பிறகு மெல்லோட்டத்தில் 3 வாரம். முழு வேகம் அதற்கு அப்புறம்தான். ஒரு நாளில் தோளுக்கு 10 முறை போதும். களைத்த பிறகு செய்யும் பதினோராவது டேக்கிளில் தலை தப்பான பக்கம் போகிறது. வலத் தோள் பழக்கக்காரர்கள் இடத் தோளுக்குக் கூடுதல் நாள் கொடுங்கள். ஆட்டத்தில் பிசகுவது பெரும்பாலும் பழகாத தோளில்தான்.

டேக்கிள் பை வாங்கக் காசில்லையா? 50 கிலோ அரிசிச் சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, வைக்கோலும் தேங்காய் மட்டை நாரும் கலந்து இறுக்கமாக அடைத்து வாயைத் தைத்துவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் இடுப்புக்கு மேல் உயரம் வரும். ஒருவர் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளட்டும். மணல் மட்டும் போடாதீர்கள். மணல் மூட்டை அசையாது; தோள் மூட்டுதான் அசையும். மழையில் நனைந்த வைக்கோல் கெட்டியாகிவிடும், மாற்றிவிடுங்கள்.

ஸ்க்ரம்?

இரு அணியினரும் குனிந்து, கோத்து நின்று, பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளுவதுதான் ஸ்க்ரம். பயிற்சியாளர் இல்லாமல் தொடவே வேண்டாம். 19 வயதுக்குக் கீழ் உள்ள ஆட்டத்தில் 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதன் காரணம் கழுத்து. செவன்ஸில் பக்கத்துக்கு மூவர் மட்டும். ‘க்ரவுச், பைண்ட், செட்’ என்ற மூன்று குரலுக்கும் உடம்பு தானாக அசையும் வரை எதிர்ப்பில்லாமல் பழகுங்கள்.

நான் 62 கிலோ, 5 அடி 7 அங்குலம். எடுபடுவேனா?

விங்கிலோ (ஓரத்தில் ஓடும் இடம்) ஸ்க்ரம்-ஹாஃபிலோ எடுபடலாம். தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே 1.72 மீட்டர் உயரம்தான். நீங்களும் கிட்டத்தட்ட அதே உயரம். கோல்பே 2016 ஒலிம்பிக்கில் செவன்ஸ் வெண்கலம் வென்றவர், 2019 உலகக் கோப்பை இறுதியில் ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) போட்டவர். ஆனால் அவரும் 62 கிலோ இல்லை. எடை கூட்டத்தான் வேண்டும், நிதானமாகக் கூட்ட வேண்டும். வாரத்துக்கு கால் கிலோ முதல் அரை கிலோ. அதற்கு மேல் ஏறினால் பெரும்பாலும் கொழுப்பு, ஓட்டம் குறையும். 14, 15 வயதில் சொந்த உடம்பே எடை: தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுவது. முகவாய் கம்பியைத் தாண்டும்படி 8 முறை ஏற முடிந்த பிறகு இரும்பு தூக்கலாம். கழுத்துக்கும் தினம் 5 நிமிடம் கொடுங்கள்: நண்பர் கையால் நெற்றியிலும் பக்கவாட்டிலும் மெல்லத் தள்ள, கழுத்தை அசைக்காமல் 10 விநாடி தாங்குவது. இது பலரும் விட்டுவிடும் பயிற்சி.

புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?

வீட்டுச் சாப்பாட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் 65 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 105 கிராம். நான்கு முட்டை 24. மத்தி மீன் 100 கிராம் சாப்பிட்டால் 20. அரை லிட்டர் பால் 16. ஒரு பெரிய கைப்பிடி நிலக்கடலை, அதாவது 50 கிராம், 12. கொண்டைக்கடலைச் சுண்டல், உலர்ந்த எடையில் 50 கிராம், 10. மூன்று வேளைச் சோறு, தோசை, பருப்பு எல்லாம் சேர்த்து 25. கூட்டினால் 107. கோழி எடுக்கும் நாளில் இன்னும் கூடும். மத்தி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் டப்பாவுக்குச் செலவழிப்பது வீண். பிள்ளைகள் தவறவிடுவது காலைச் சாப்பாட்டைத்தான். 6 மணிக்குப் பயிற்சி, 8 மணிக்குப் பள்ளி பஸ், வயிற்றில் ஒரு டீ. இப்படி ஓடினால் எந்தப் பவுடரும் உதவாது. பயிற்சி முடிந்த கையோடு இரண்டு அவித்த முட்டையும் நேந்திரம் பழமும் பையில் இருக்கட்டும்.

ஊர் வைத்தியர் கொடுத்த லேகியம், மெடிக்கலில் வாங்கும் இருமல் சிரப் சாப்பிடலாமா?

கேட்காமல் சாப்பிட வேண்டாம். ஊக்கமருந்து விதியில் “தெரியாமல் சாப்பிட்டேன்” என்ற பதில் உங்களைத் தப்ப வைக்காது. உடம்பில் எது இருந்தாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையது. நம் ஊர் மெடிக்கல்களில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பூட்டலின் இருக்கிறது. அது எந்த நாளிலும் தடை செய்யப்பட்டது. மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபிட்ரின் அளவு மீறினால் போட்டி நாளில் பிடிபடும். எடை கூட்டும் என்று விற்கும் பொடிகளிலும் லேகியங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. லேபிளில் அது எழுதியிருக்காது.

செய்ய வேண்டியது: எந்த மருத்துவரிடம் போனாலும் “நான் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட ஆட்டக்காரர்” என்று முதலில் சொல்லுங்கள். மருந்து அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். மூலப்பொருள் பெயரைத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் பட்டியலில் பாருங்கள். ஆஸ்துமா மாதிரி நிரந்தர நோய் இருந்தால் முன்கூட்டியே விதிவிலக்கு அனுமதி வாங்க வழி இருக்கிறது.

தேர்வு முகாமில் என்ன சோதனை வைப்பார்கள்?

30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்தில் குதிப்பது, பந்து பிடித்து இரு பக்கமும் பாஸ், பிறகு ‘பிராங்கோ’ ஓட்டம். பிராங்கோவுக்கு 60 மீட்டர் நிலம் போதும், பள்ளிக் கிரவுண்டிலேயே பழகலாம். 20, 40, 60 மீட்டரில் கல் வையுங்கள். 20க்குப் போய் வருவது, 40க்குப் போய் வருவது, 60க்குப் போய் வருவது: இது ஒரு சுற்று, 240 மீட்டர். நிற்காமல் 5 சுற்று ஓடினால் 1,200 மீட்டர். முதல்முறை 6 நிமிடம் ஆனால் கவலை வேண்டாம். 5 நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிட்டு முகாமுக்குப் போங்கள். உலகத் தர பேக் (பின்வரிசை) ஆட்டக்காரர்கள் நாலரை நிமிடத்துக்கும் கீழே ஓடுகிறார்கள். நேரம் கெடுவது ஓட்டத்தில் இல்லை, திரும்பும் இடத்தில். கல்லைச் சுற்றி வளைந்து ஓடாதீர்கள். குனிந்து, கோட்டில் ஒரு பாதம் ஊன்றி, உடனே திரும்புங்கள். வலது, இடது என மாற்றி மாற்றி ஊன்றினால் ஒரே கால் களைக்காது.

என்னென்ன வாங்க வேண்டும்?

பல்லுக்கு மாட்டும் மவுத்கார்டு முதலில். வெந்நீரில் போட்டு, கடித்து, வாய்க்கு ஏற்றபடி வடிவமாக்கும் வகை போதும். பேசும்போது கழன்று விழுந்தால் சரியாக அமையவில்லை, மறுபடி வெந்நீரில் போடுங்கள். பல்லைக் காப்பாற்றும்; ஆனால் தலையடியையும் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தலைக்கு மாட்டும் மெத்தைத் தொப்பியும் அப்படித்தான்: காது கிழியாமல் காக்கும், மூளையைக் காக்காது.

ஷூவுக்கு கால்பந்து ஷூவே போதும். அடியில் உள்ள குமிழின் நீளம் 21 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, முனை கூராக உடைந்திருக்கக் கூடாது. நடுவர் ஆட்டத்துக்கு முன் கையால் தடவிப் பார்ப்பார்.

பந்து 5ஆம் அளவு, 410 முதல் 460 கிராம். காற்று 9.5 முதல் 10 பிஎஸ்ஐ. சைக்கிள் கடையில் அடித்தால் பெரும்பாலும் கூடிவிடும். கல்லு மாதிரி ஆன பந்து கையில் நிற்காது, நெஞ்சில் பட்டுத் துள்ளும். அப்படிப் பழகியவருக்குப் போட்டிப் பந்து வேறு பந்தாகத் தெரியும்.

எங்க ஊர்ல புல் கிரவுண்டு இல்லை. வயலில் ஆடலாமா?

அறுவடை முடிந்த வயலில் பாஸ், ஓட்டம், தொடுஆட்டம் (டேக்கிளுக்குப் பதில் கையால் தொடுவது) எல்லாம் ஆடலாம். டேக்கிள் மட்டும் வேண்டாம், அறுத்த நெல் தாளை முழுதாக எடுத்து மண்ணைச் சமப்படுத்தும் வரை. நெல் தாள் குத்தினால் கண் போகும். மாசி, பங்குனியில் வயல் வெடித்துவிடும். வெடிப்பில் கணுக்கால் சிக்கும். சிராய்ப்பில் சேறு படுவதால் டெட்டனஸ் ஊசி நாளாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி ஒன்று. கணவாய்க்கு நேர் எதிரில் இருப்பது நமக்கு வரம். ஆடி மாதம் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் அடிக்கிற காற்றில் பந்து உதைக்கப் பழகியவர் எந்த ஊர்க் கிரவுண்டிலும் தடுமாற மாட்டார். எதிர்க்காற்றில் உயரமாக உதைக்காதீர்கள். பந்தைச் சற்றே தாழ்வாகக் கையிலிருந்து விட்டு, மூக்கு முன்னால் சாய்ந்திருக்க, சுழலும்படி மட்டமாக உதையுங்கள்.

வெயிலில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை உப்புடன் உள்ளே போக வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் இதற்கு அருமையானது.

தலையில் அடிபட்டது. பையன் “ஒண்ணுமில்லை” என்கிறான். ஆட விடலாமா?

கூடாது. அன்றைக்கு மறுபடி கிரவுண்டுக்குள் விடவே கூடாது. சந்தேகம் ஒன்றே போதும். மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைப்பது தவறு. பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வராது. அடையாளங்கள்: எழுந்திருக்கும்போது தள்ளாட்டம், வெறித்த பார்வை, எந்த அணியோடு ஆடுகிறோம், ஸ்கோர் என்ன என்று கேட்டால் தடுமாற்றம், தலைவலி, வெளிச்சம் கூசுவது, குமட்டல், காரணமில்லாத கோபம் அல்லது அழுகை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது, இரட்டையாகத் தெரிவது, எழுப்பினால் எழாத தூக்கம். கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் ஆளை அசைக்காதீர்கள்; தலையை இரு கையாலும் நிலையாகப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். தூக்கி பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது நம் ஊர் வழக்கம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தப் பயணமே ஆளை முடக்கிவிடும்.

முதல் 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம், உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் கூட்டும். முதல் இரண்டு நாள் செல்போன், டிவி குறைவு. அப்புறம் மெல்ல நடை. தொந்தரவு எதுவும் இல்லாமல் 14 நாள் போன பிறகு மோதல் இல்லாத பயிற்சி. முழு ஆட்டம் குறைந்தது 21 நாள் கழித்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு. டிவியில் பெரிய வீரர்கள் 12 நிமிடச் சோதனை முடிந்து திரும்புகிறார்களே என்று கேட்பார்கள். அங்கே பக்கத்திலேயே மருத்துவர், வீடியோ, பருவத் தொடக்கத்தில் எடுத்து வைத்த அளவீடு எல்லாம் இருக்கின்றன. நம்மிடம் அவை இல்லை.

பிள்ளைகள் மறைப்பதன் காரணம் தேர்வில் பெயர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்குவது பெரியவர்கள் கையில் இருக்கிறது. முதல் அடி ஆறும் முன் இரண்டாவது பட்டால் இளம் மூளை வீங்கிவிடும், உயிரே போகலாம். மூன்று வாரம் உட்கார்ந்தால் போவது ஒரு போட்டி மட்டுமே.

வீடு கேரளம், கல்லூரி கோயம்புத்தூர். எந்த மாநிலத்துக்கு ஆடுவது?

எல்லையோரப் பிள்ளைகளின் பெரிய தலைவலி இது. ஒரே பருவத்தில் இரண்டு மாநிலத் தேர்விலும் நின்றால் இரண்டு பக்கமும் பெயர் அடிபடலாம். பள்ளி முடியும் வரை பள்ளி இருக்கும் மாநிலத்தோடு நில்லுங்கள். கல்லூரியில் பல்கலைக்கழக அணிக்குப் படிக்கும் இடம்தான் கணக்கு; மாநில அணி தனிக் கணக்கு. எந்த மாநிலம் என்று முடிவு செய்த பிறகு அந்த மாநிலச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். மாற வேண்டி வந்தால் பழைய சங்கத்தின் தடையில்லாச் சான்றை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் தேர்வு நாளில் நிற்காது.

தாள்களில் பெயர் எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஆதாரில் மலையாள உச்சரிப்பில் ஒரு விதம், தமிழ்வழிப் பள்ளிச் சான்றில் வேறு விதம், தந்தை பெயர் ஒன்றில் முன்னெழுத்து, மற்றொன்றில் முழுப்பெயர். இதனாலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. பிறப்புச் சான்றை அடிப்படையாக வைத்து 10ஆம் வகுப்புக்கு முன்பே மற்றவற்றைத் திருத்திவிடுங்கள். வயதைக் குறைத்துக் காட்டும் எண்ணமே வேண்டாம். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இருக்கிறதா?

நன்றாகவே இருக்கிறது. 2021இல் தாஷ்கண்டில் நடந்த ஆசிய 18 வயதுக்குட்பட்டோர் செவன்ஸில் இந்தியப் பெண்கள் வெள்ளி வென்றார்கள். விதி, பந்து, நேரம் எல்லாம் ஆண்களுக்கு உள்ளதே. இறுக்கமான விளையாட்டு உள்ளாடை அவசியம். மாதவிடாய் நாட்களைக் குறித்து வைத்து, இரும்புச்சத்து அளவை ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். காரணம் தெரியாத களைப்பு பல நேரம் அதுதான்.

அணியில் மலையாளம், இந்தி. எனக்குத் தமிழ்தான் வரும்.

மலையாளம் உங்களுக்கு ஏற்கெனவே காதில் விழுந்த மொழி. தேசிய முகாமில் இந்தி ஓடும். ஆட்டத்துக்குள் தேவைப்படும் சொற்கள் இருபதுக்குள்தான், பெரும்பாலும் ஆங்கிலம். அவற்றை உரக்கச் சொல்லப் பழகுங்கள். வாய் திறக்காத தடுப்பாளரைத் தேர்வாளர் எடுக்க மாட்டார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை?

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் 2020இல் புதிதாகச் சேர்த்த 20 ஆட்டங்களில் ரக்பியும் ஒன்று. எந்த அளவிலான போட்டி, எத்தனையாவது இடம் என்பதை வைத்தே தகுதி. ஆகவே ஒவ்வொரு போட்டிச் சான்றையும் அன்றைக்கே வாங்கி, போட்டியின் பெயர், தேதி, இடம், கையெழுத்து, முத்திரை ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாநில வேலைக்கான பட்டியல் தனி. அறிவிப்பு வரும்போது அதிலேயே படித்து உறுதி செய்யுங்கள்.

ஒப்பந்தம் என்று ஒரு தாள் நீட்டினால்?

18 முடியாதவர் போடும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பெற்றோர் இல்லாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். வயது வந்தவர் பார்க்க வேண்டியது முதலில் தொகை அல்ல. அடிபட்டால் அறுவைச் சிகிச்சைக்கு யார் காசு, அந்தக் காலத்தில் பணம் நிற்குமா, எத்தனை தவணை, வேறு அணிக்கு ஆட எவ்வளவு நாள் தடை, உங்கள் படத்தை எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்பவை. ஆளைச் சேர்த்துவிடுகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் ஆட முடியுமா?

இங்கிலாந்து, பிரான்சு, நியூசிலாந்தில் பெரும்பாலும் 18 வயதுக்குள் அகாடமிக்குள் நுழைந்தவர்களே முதல் ஒப்பந்தம் பெறுகிறார்கள். தென்னாப்பிரிக்க ரக்பி அணித் தலைவர் சியா கோலிசி ஸ்விடே என்ற ஏழைக் குடியிருப்பிலிருந்து 12 வயதில் பள்ளி உதவித்தொகையில் போனவர். தேசிய அணியில் 2013இல் முதல் ஆட்டம், 2018இல் தலைவர் பதவி. அந்தக் கதவைத் திறந்தது பள்ளி. நமக்குப் பக்கத்தில் இலங்கையில் பள்ளி ரக்பிக்கு நீண்ட மரபு உண்டு. அங்கே நடக்கும் ஆட்டங்களைப் பார்த்துக் கற்கலாம். இன்னொரு நாட்டின் தேசிய அணிக்கு ஆட வேண்டுமானால், அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொடர்ந்து 5 ஆண்டு அந்நாட்டுச் சங்கத்தில் பதிவு செய்து ஆடியிருக்க வேண்டும், அல்லது மொத்தமாக 10 ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். 2022 முதல் இதுதான் விதி.

தேர்வு நாளுக்குப் பையில் என்ன எடுத்துப் போவது?

அசல் சான்றுகள் ஒரு பிளாஸ்டிக் உறையில், நகல்கள் இரண்டு செட் தனியாக. பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு. ஷூ, மாற்று லேஸ், மவுத்கார்டு டப்பாவோடு. எண் இல்லாத வெள்ளை பனியன் ஒன்று, கறுப்பு ஒன்று. எந்தப் பக்கம் நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. கணுக்காலுக்கு டேப், நகவெட்டி. நகம் நீளமாக இருந்தால் நடுவர் வெளியே அனுப்புவார். இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு, அவித்த முட்டை, பழம். உங்கள் ஆட்டத்தின் வீடியோ இருந்தால் செல்போனில் 3 நிமிடத்துக்கு மிகாமல், அதில் டேக்கிள் கட்டாயம் இருக்கட்டும். ட்ரை போடுவதை எல்லோரும் காட்டுவார்கள். முந்தின நாள் இரவே கோயம்புத்தூரோ பாலக்காடோ போய்ச் சேர்ந்துவிடுங்கள். காலை முதல் பஸ்ஸை நம்பினால் வழியில் தாமதமாகலாம்.